தாய்ப்பத்திரம்

தம்பிக்கு எழுதிக் கொடுக்கத்தான் போனேன்.
விடுதலைப் பத்திரம், ஐந்து பக்கம்,
என் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் புள்ளிக்கோடு.
காவேரிப்பட்டணம் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினும் பத்திர எழுத்தரும் ஒரே மேசையில்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
தாய்ப்பத்திரம் இருக்கா என்றார்.

இருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில்
மாந்தோப்புக் கிஸ்தி ரசீதுகளுக்கு அடியில்
நாலாய் மடித்து, மடிப்புகளில் கிழிந்து.
1961. சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுக்கா.
'ஜெகதேவியிலிருக்கும் அண்ணாமலை குமாரத்தி
சென்றாயம்மாள் ஆகிய நான்
ரொக்கம் ரூபாய் நூற்றைம்பது பெற்றுக்கொண்டு
இனி மேற்படி சொத்தில் எனக்கு
யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லையென்று
மனப்பூர்வமாய்'

அண்ணாமலை என் தாத்தா.
அவருக்கு ஒரே பிள்ளை, அது அப்பா
என்றுதான் ஐம்பது வருஷமாய்ச் சொல்லிவந்தேன்.
கருமாதிப் பத்திரிகையிலும் அப்படித்தான் அடித்தோம்.

அடியில் இடது பெருவிரல்.
மை அதிகம் தொட்டதில் ரேகையே இல்லாமல்
நாவல்பழம் நசுங்கிய மாதிரி.
பக்கத்தில் இரண்டாம் சாட்சி, அப்பா.
என் பிராகரஸ் ரிப்போர்ட்டில் போட்ட அதே கையெழுத்து,
வால் மட்டும் இன்னும் நீளம். வயது இருபத்திரண்டு.

செத்துப் போயிருக்கும், விடு என்றான் தம்பி.
செத்ததற்கும் ஒரு காகிதம் இருக்குமே.
இறப்புப் பதிவேட்டில்
நான் கேட்ட வருஷங்களைக் கரையான் தின்றிருந்தது.
வாக்காளர் பட்டியலில் மூன்று சென்றாயம்மாள்,
மூன்று பேரும் வேறு யாருடைய மகள்களோ.
ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன்.
ஜெகதேவிக்கு நாலாவது பஸ்.
கிரானைட் தூசி படிந்த பள்ளிக்கூடத்தில்
டீச்செலவு கேட்காத கிளார்க் ஒருவர்
பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டினார்.

1963 ஜூன். வரிசை எண் 41.
மாணவன் பெயர் இளம்பரிதி.
சாதி என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கோட்டின் மேல் யாரோ பென்சிலால் கேள்விக்குறி,
அதை யாரோ அழித்த தடம்.
கடைசிக் கட்டம், பெற்றோர் கையொப்பம்.

பெருவிரல் இல்லை.
மசிப்பேனாவில், கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து,
அண்ணாமலை மகள் சென்றாயம்மாள்.
ணாவும் றாவும் பழைய சுழியில்,
லை மட்டும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு.

இரண்டு வருஷம் முன்னால்
அந்த விரலை உருட்டிக் கொடுத்தது யார்?
அப்போது எங்கள் வீட்டில் பெண்கள் நாலு பேர்.
அதற்கு மேல் நான் எண்ணவில்லை.

இளம்பரிதி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
பர்கூர் பஸ் நிலையத்தில்
பேக்கரிக்கு வெளியே நின்று பேசினோம்.
அவங்க போய் பதினோரு வருஷம் என்றார்.
நிலத்தைப் பற்றிக் கேட்பார் என்று
பதில்களை வரிசையாய் வைத்திருந்தேன்.
நகலை வெளிச்சத்துக்குத் திருப்பி
அப்பாவின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
'தம்பி இருக்கான்னு சொன்னது இவரத்தானா.
மழை இறங்கினா எங்கம்மா சொல்லும்,
அவனுக்கு இடின்னா பயம்னு.'

அப்பா பயந்து நான் பார்த்ததில்லை.
மழை நாளில் ரேடியோவைச் சத்தமாய் வைப்பார்,
அவ்வளவுதான்.

இன்றைக்கு டோக்கன் பதினேழு.
தம்பி வண்டிச் சாவியை விரலில் சுற்றுகிறான்.
சின்னக் கண்ணாடிச் சதுரத்தில்
பெருவிரலை வைக்கச் சொல்கிறாள் அந்தப் பெண்.
ரேகை எடுக்கலைங்க, துடைச்சிட்டு வைங்க.
புடவையில் துடைத்தேன்.
முதலில் கையெழுத்துப் போடட்டுமா என்றேன்.
அது அப்புறம் என்கிறாள்.
பின்னால் பதினெட்டு வந்து நிற்கிறார்.
நான் இன்னும்
துடைத்துக்கொண்டிருக்கிறேன்.